லஷ்கர் மஹங்காளி – ஒரு டோலிக்காரரின் வேண்டுதல்

ஹைதராபாத்–செகந்தராபாத்தில் வசிக்கும் நம்மவர்களிடம் "எந்தக் கோவிலுக்குப் போவீர்கள்?" என்று கேட்டால், பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன், செகந்தராபாத் ஸ்டேஷன் அருகிலுள்ள பிள்ளையார், விசேஷ நாட்களில் பிர்லா மந்திர், பேரனுக்கு விசா கிடைக்க வேண்டுமென்றால் சில்கூர் பாலாஜி. செகந்தராபாத் ஜெனரல் பஜாரில் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் குடிகொண்டிருக்கும் உஜ்ஜயினி மஹங்காளியை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் நம்மில் குறைவு. அடியேனும் நெடுங்காலம் சேர்க்காதவன்தான்.

உத்தியோக மாற்றலில் இந்த ஊருக்கு நான் வந்து இறங்கியது 1976-ல். ஆஷாட மாதம் வந்தால் தெருவெல்லாம் பறைச் சத்தம். பெண்கள் தலையில் மஞ்சள் பூசிய பானையும், பானைமேல் விளக்கும், சுற்றிலும் வேப்பிலையுமாக வரிசையாகப் போவார்கள். உடம்பு முழுக்க மஞ்சள் பூசி, கையில் சாட்டையுடன் போதராஜு ஆடிக்கொண்டு முன்னால் போவார். நான் மாடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார். போனாலு முடிந்த செவ்வாய்க்கிழமை தவறாமல் பிரசாதம் கொண்டுவந்து, "அம்மாவாரு பிரசாதம், சார்" என்று இரண்டு கையாலும் நீட்டுவார். வாங்கிக்கொள்வேன். ஆனால் "ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அவர்கள் கோவில் என்ற நினைப்பு. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் என்ற எண்ணமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியது 2020 ஜூலை. கொரோனா காரணமாக அந்த வருஷம் பக்தர்கள் இல்லாமல், அர்ச்சகர்களும் சிலரும் மட்டும் கலந்துகொள்ள, போனாலு நடந்தது. கோவில் தெரு வெறிச்சோடிக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "தொத்து வியாதியைப் போக்கறதுக்குன்னு வந்த அம்மன்னு சொல்றா. இப்போ தொத்து வியாதிக்காக அவ கதவையே சாத்தும்படி ஆயிடுத்தே!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த மாதங்களில் கோவிலின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். கண்டவற்றை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

லஷ்கர் என்ற பெயர்

செகந்தராபாத் போனாலுவுக்கு 'லஷ்கர் போனாலு' என்று பெயர். லஷ்கர் என்றால் பாரசீகத்தில் படை, படை முகாம். ஊரே ஒரு படை முகாமாகப் பிறந்ததுதான். 1798-ல் இரண்டாம் நிஜாம் அலி கான், கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கம்பெனியின் படை இங்கே நிரந்தரமாகத் தங்கியது. செலவு நிஜாமுடையது, உத்தரவு கம்பெனியுடையது! ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே முகாம் வளர்ந்தது. 1803-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-ல் அது சிக்கந்தராபாத் ஆயிற்று. பேச்சு வழக்கில் செகந்தராபாத்.

இங்கே தங்கிய கம்பெனிப் படை மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். அவர்களுக்குப் பின்னால் கணக்கர்கள், காண்டிராக்டர்கள், வியாபாரிகள் என்று நம் பக்கத்து மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். பத்மாராவ் நகரின் பெயரே பத்மாராவ் முதலியார் என்ற தமிழ்ப் பிரமுகரின் பெயர்தான். நாம் எல்லோரும் பிற்பாடு வந்தவர்கள். படைக்குப் பின்னால் வந்தவர்கள்தான் இந்த ஊரின் முதல் தமிழர்கள்.

ஸ்தல வரலாறு

கோவிலின் வரலாறாக வழிவழியாகச் சொல்லப்படுவது இது. சுரிட்டி அப்பய்யா என்பவர் ராணுவத்தில் டோலி தூக்குபவராக வேலை பார்த்தார். காயம்பட்டவரையும் நோயாளியையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து செல்வது அவர் உத்தியோகம். 1813-ல் அவருடைய படை உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்டது. அதே காலத்தில் காலரா பரவி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அப்பய்யா தன் கூட்டாளிகளுடன் உஜ்ஜயினி மஹாகாளி சந்நிதிக்குப் போய், "தாயே, நோய் தணிந்து ஜனங்கள் பிழைத்தால் எங்கள் ஊரில் உனக்குக் கோவில் எழுப்பி வழிபடுகிறோம்" என்று வேண்டிக்கொண்டார். நோய் தணிந்தது. ஊர் திரும்பியவர் 1815-ல் மரத்தாலான அம்மன் திருவுருவத்தைப் பிரதிஷ்டை செய்தார். பின்னர் அங்கு கிணறு தோண்டும்போது கிடைத்த மாணிக்யாலம்மன் விக்ரஹமும் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. 1864-ல் மரத் திருவுருவத்துக்குப் பதிலாகக் கல் விக்ரஹம் பிரதிஷ்டை ஆயிற்று.

மரத்தாலான மூர்த்தி நமக்குப் புதிதல்ல. பூரி ஜகந்நாதர் தாரு மூர்த்தி. 2019-ல் காஞ்சியில் அத்தி வரதரைச் சேவிக்க நம்மில் எத்தனை பேர் போனோம்! தோளில் சுமை தூக்கிப் பிழைத்த ஒரு ஏழைக்குக் கைக்கு எட்டியது மரம். அதில் அம்மனைக் கண்டார்.

இடிக்கும் இரண்டு விஷயங்கள்

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்குத் தேதியைக் கண்டால் சரிபார்க்கத் தோன்றும். இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்கள் எனக்கு இடித்தன.

முதலாவது, 1813-ல் உஜ்ஜயினி கம்பெனியின் வசம் இல்லை. அது சிந்தியாவின் ராஜ்யம். கம்பெனியின் மதராஸ் படை அங்கே முகாமிட்டிருக்கக் காரணம் தென்படவில்லை.

இரண்டாவது, நாடு முழுவதையும் உலுக்கிய முதல் பெரிய காலரா, மருத்துவ வரலாற்றின்படி, தொடங்கியது 1817 ஆகஸ்டில், வங்காளத்து ஜெஸ்ஸோரில். அதற்கு முன்பும் காலரா இல்லாமல் இல்லை. 1781-ல் கஞ்சம் அருகே கம்பெனிப் படையைத் தாக்கியிருக்கிறது. 1783-ல் ஹரித்வார் கும்பமேளாவில் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்திருக்கிறது. ஆனாலும் ஊர் ஊராகத் தாவி, கடல் கடந்து போன கொள்ளைநோய் 1817-ல் புறப்பட்டதுதான். 1818-ல் அது மத்திய இந்தியாவையும் தக்காணத்தையும் கடந்து, ஆகஸ்டில் பம்பாயையும் அக்டோபரில் மதராஸையும் தொட்டது. வருஷ முடிவுக்குள் இலங்கைக்கும் போய்விட்டது.

இனி இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1817 டிசம்பரில் ஒரு மதராஸ் படை உண்மையிலேயே உஜ்ஜயினிப் பக்கம் போயிருக்கிறது. மராட்டியருடன் நடந்த கடைசி யுத்தத்தின்போது, மதராஸ் சேனாதிபதி சர் தாமஸ் ஹிஸ்லப் தலைமையில் 'தக்காணப் படை' வடக்கே சென்றது. உஜ்ஜயினி அருகே முகாமிட்டபின், டிசம்பர் 21-ஆம் தேதி, உஜ்ஜயினிக்கு வடக்கே, அதே க்ஷிப்ரா நதிக்கரையிலுள்ள மஹித்பூரில் ஹோல்கரின் படையை எதிர்த்துப் போரிட்டு வென்றது. அந்தப் போரில் மதராஸ் பட்டாளங்கள் இருந்தன. நம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது. ஹைதராபாத்திலிருந்து போன ரஸ்ஸல் பிரிகேடும் இருந்தது. நிஜாமின் செலவில் ரெசிடெண்ட் ஹென்றி ரஸ்ஸல் இந்தப் பிரிகேடைத் திரட்டிய வருஷம் எது தெரியுமா? 1813! கோவில் வரலாற்றில் வரும் அதே வருஷம்.

என் ஊகம் இதுதான். படையில் சேர்ந்த வருஷம், வடக்கே போன வருஷம், நோய் வந்த வருஷம், கோவில் கட்டிய வருஷம் எல்லாம் இரண்டு தலைமுறை வாய்மொழியாகச் சொல்லப்பட்டபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். நம் வீட்டிலேயே, தாத்தா வீடு கட்டிய வருஷத்தைக் கேட்டால் பெரியப்பா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வாள். அதற்காக வீடே கட்டப்படவில்லை என்று ஆகிவிடுமா? ஹைதராபாத் படை, உஜ்ஜயினி, காலரா, ஊர் திரும்புதல் என்று கோவில் சொல்லும் நான்கும் சரித்திரத்தில் அடுத்தடுத்து உண்மையாகவே நிகழ்ந்திருக்கின்றன. நாலைந்து வருஷ வித்தியாசம்தான். 1815 என்ற வருஷத்தைக் கோவில் வைத்துக்கொள்ளட்டும். நான் அதைத் திருத்த வரவில்லை. வெறும் கட்டுக்கதை என்று தள்ளுபவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எண்ணப்படாதவர்கள்

தேடிய இடத்தில் வேறொன்றும் கண்ணில் பட்டது. 1817 நவம்பரில், பண்டேல்கண்டில் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படை முகாமைக் காலரா தாக்கியது. ஒரே வாரத்தில் போர்வீரர்களில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. முகாமைச் சார்ந்து பிழைத்தவர்களில், அதாவது டோலிக்காரர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்பவர், சமையலாள், பாரம் தூக்குபவர் ஆகியோரில், இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். சிப்பாய்க்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. ஆகவே அவன் சாவுக்கு எண்ணிக்கை சரியாக இருக்கிறது. மற்றவர்களுக்கு 'சுமார்' போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இவர்களில் டோலிக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். காலரா கண்டவனுக்கு வாந்தியும் பேதியும் நிற்காது. அவனைத் தூக்கித் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அசுத்தமான துணியும் டோலியும் அவர்கள் கையில்தான். அதே கையால் சாப்பாடு, அதே ஆற்றில் குடிதண்ணீர். கிருமி என்ற சொல்லே வைத்தியத்தில் வராத காலம். நோய்க்கு மிக அருகில் நின்றவர்கள் அவர்கள்.

மஹித்பூரில் வென்ற தளபதிகளின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. பட்டாளங்களின் கொடியில் 'மஹித்பூர்' என்ற எழுத்து பொறிக்கப்பட்டது. டோலி தூக்கியவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவர் பெயரை இருநூறு வருஷமாக ஒரு கோவில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ராஜா கட்டிய கோவிலில் ராஜாவின் பெயர் கல்லில் இருக்கும். ஒரு சுமைத் தொழிலாளியின் வேண்டுதலில் பிறந்து, அவர் பெயரோடேயே இவ்வளவு பெரிதாக வளர்ந்த நகரத்துக் கோவில்கள் எத்தனை இருக்கும்?

இதே செகந்தராபாத் கண்டோன்மெண்டுக்கு வேறொரு சம்பவமும் உண்டு. 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, பேகம்பேட்டையில் டாக்டர் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கொசுக்களுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்த நோயாளி ஹுசேன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ராஸ் அவர் பெயரைக் குறித்து வைத்தார். அதனால் நமக்குத் தெரிகிறது. பெயரைக் குறித்து வைப்பது ஒரு மரியாதை.

போனமும் ஆடிக்கூழும்

போனம் என்ற சொல் போஜனம் என்பதிலிருந்து வந்தது. புதுப் பானையில் சாதம், வெல்லம், தயிர் முதலியவை வைத்து அம்மனுக்குக் கொண்டுபோகும் நிவேதனம். கோல்கொண்டா கோட்டை ஜகதம்பிகை கோவிலில் ஆஷாடத்தில் ஆரம்பித்து, பிறகு லஷ்கர், அதன்பின் பழைய நகரத்து லால் தர்வாஜா, அக்கன்னா–மாதன்னா கோவில்கள் என்று முறைப்படி நகர்ந்து வரும். செகந்தராபாத்தில் ஞாயிறு போனம். மறுநாள் காலை 'ரங்கம்'. சுடாத பச்சைப் பானைமேல் நின்று ஒரு பெண்மணி அம்மன் வாக்காக வரும் வருஷத்துக்கு மழை, விளைச்சல், நோய் நொடி எப்படி என்று சொல்வார். 2014-ல் தெலங்கானா உதயமானதும் போனாலு மாநிலத் திருவிழாவாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பது எதற்கு? அதே மஞ்சள், அதே வேப்பிலை, அதே மாதங்கள். புது மழையில் அழுக்கெல்லாம் குளத்திலும் கிணற்றிலும் இறங்கும் காலம், வயிற்று நோய் தலையெடுக்கும் காலம். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் கிராமத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, காலரா ஊசி போட ஆள் வருகிறான் என்றால் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். பாட்டி அந்த நோயின் பெயரையே சொல்லமாட்டாள். "அது வந்துடுத்து" என்பாள், அவ்வளவுதான். 'அவர்கள் கோவில்' என்று நான் மாடியிலிருந்து பார்த்தது எங்கள் பாட்டியின் அதே பயம், அதே பிரார்த்தனை. பாஷைதான் வேறு.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

வேப்பிலை காலராக் கிருமியை ஒழித்தது, நம் முன்னோருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. தெரிந்திருந்தால் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று 1854-ல் லண்டனில் டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு தெருக்குழாயை வைத்துக் காட்டினார். 1884-ல் ராபர்ட் கோக், கல்கத்தாவில் அதன் கிருமியை ஐயமறப் பிரித்தறிந்தார். கிருமி வெளியிடும் விஷம் குடலிலிருந்து நீரைக் கொட்ட வைக்கிறது என்பதை 1959-ல் கல்கத்தா விஞ்ஞானி சம்பு நாத் டே நிரூபித்தார். உடம்பு நீரும் உப்பும் வடிந்து, சில மணி நேரத்தில் ஆள் போய்விடுகிறான்.

மருந்து என்னவென்றால், சுத்தமான தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்த்த கரைசல். குளுக்கோஸ் குடல் சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாம் ஒன்றில், போன்காவ்ன் என்ற ஊரில், டாக்டர் திலீப் மஹலநோபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து, நோயாளியின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அது நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் வந்தது.

நம் ஊரிலும் அப்படித்தான். 1908 செப்டம்பரில் மூசி நதி பெருவெள்ளம், 1911-ல் பிளேக். அதன்பின் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் 1920-களில் உருவாயின. "கண்டிபேட்டைத் தண்ணீர் குடித்தவன் ஊரை விட்டுப் போகமாட்டான்" என்று ஹைதராபாத்காரர்கள் பெருமையாகச் சொல்வது இந்த உஸ்மான் சாகர் தண்ணீரைத்தான். காலராவை விரட்டியது சுத்தமான குடிதண்ணீர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் அப்பய்யாவின் வேண்டுதல் வீணா? அந்த வேண்டுதலை மறுபடி படித்துப் பாருங்கள். "என்னைக் காப்பாற்று" என்று அவர் கேட்டதாகக் கோவில் வரலாறு சொல்லவில்லை. "ஜனங்கள் பிழைக்க வேண்டும்" என்று கேட்டதாகத்தான் சொல்கிறது. அடுத்த டோலியில் தானே படுக்க நேரலாம் என்று தெரிந்த மனிதர் அப்படிக் கேட்டிருக்கிறார். மருந்து கண்டுபிடித்தவர்களும், அணை கட்டியவர்களும் வேறு வழியில் அதே காரியத்தைத்தான் செய்தார்கள்.

கடைசியில் போனோம்

போன வருஷம் ஆஷாடத்தில், கூட்டமில்லாத ஒரு வியாழக்கிழமை காலை, என் மனைவியும் நானும் போனோம். எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட அந்தப் பழைய பியூனை டெலிபோனில் கூப்பிட்டு, "கூட்டிக்கொண்டு போகிறாயா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. பிறகு, "நாற்பது வருஷமா நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன், சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜெனரல் பஜார் துணிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவே சின்ன வீதி. சந்நிதியில் மஹங்காளியும் மாணிக்யாலம்மனும். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது அர்ச்சகர் வழக்கம்போல் கோத்திரம், நட்சத்திரம், பெயர் கேட்டார். எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்தபின், "சுரிட்டி அப்பய்யா பெயருக்கும் ஒரு அர்ச்சனை" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆஷாடத்தில் போனாலு கூட்டத்தில் நிற்கச் சிரமமாக இருந்தால், வாரநாள் காலையில் ஒரு தடவை போய் வாருங்கள். பேரக் குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அம்மன் கதையோடு அந்த டோலிக்காரரின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.